"சிஸ்டம் எடுக்கல, ஆச்சி!" – காரணம் கேட்கும் உரிமை வந்த கதை



பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போன் செய்தான். நலம் விசாரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், இப்ப அரசாங்க ஆபீஸ்ல எல்லாம் ஏ.ஐ. வருதே, அது தப்பா முடிவெடுத்தா சனங்க யாரைப் போய்க் கேக்கணும்? அதுக்குன்னு சட்டம் இருக்கா?" அந்தத் தொழிலிலேயே இருக்கிறவன் என்னிடம் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்புக் குடிமையியல் பாடவேளையில் கடைசி பெஞ்சில் தூங்கினவன் இப்போதாவது கேட்டானே என்று சந்தோஷமும் வந்தது.

செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இதுவரை இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரசாங்கம் உங்களைப் பாதிக்கிற மாதிரி ஒரு முடிவெடுத்தால் காரணம் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்கிற விதி கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்த நாட்டில் வேர் பிடித்துவிட்டது. போனில் இதையெல்லாம் சொல்ல நேரம் போதவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், காபி எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களில் 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கர்ணம் என்ற சொல்லே தெரியாது. எங்கள் சின்ன வயதில் கிராமத்தில் முன்சீப், கர்ணம், தலையாரி என்று மூன்று பேர். நிலக் கணக்கு முழுக்கக் கர்ணத்தின் கையில். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். பரம்பரையாக வருகிற பதவி. யார் பெயரில் எத்தனை செண்டு, எந்த வருஷம் என்ன பயிர், எல்லாம் அவர் நோட்டில். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அவர் கையெழுத்து அவருக்கு மட்டும்தான் புரியும் என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். தப்பாக எழுதிவிட்டால் சண்டை போடலாம், கெஞ்சலாம், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் போகலாம். நல்லதோ கெட்டதோ, எதிரில் ஒரு மனிதர் இருந்தார்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒரே அடியாக ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1982இல் ஒழித்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். பிறகு அடங்கலும் சிட்டாவும் கம்ப்யூட்டருக்குள் போயின. இன்றைக்குப் பட்டா நகலை இ-சேவை மையத்தில் பத்து நிமிஷத்தில் வாங்கிவிடுகிறோம். திண்ணையில் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால் சொல்கிறேன், இது பெரிய விடுதலைதான். கம்ப்யூட்டரைத் திட்டுவதற்காக எழுதுகிற பதிவு இல்லை இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? கிராமக் கணக்குகளை எல்லாம் மேசையில் பரப்பி மேலதிகாரி ஒருவர் தணிக்கை செய்வார். சனங்கள் நேரில் போய் மனு கொடுக்கலாம். இப்போது உலகமெல்லாம் "அல்காரிதம் தணிக்கை" என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார்கள். கணக்கை எழுதினவனே அதைச் சரிபார்த்தால் போதாது, வெளியிலிருந்து ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொதுமக்கள் முன்னால் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது நம் வருவாய்த் துறைக்குப் பழைய பழக்கம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மூன்று வழக்குகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது 1969. காஷ்மீரில் வனத்துறை அதிகாரிகளை அகில இந்தியப் பணிக்குத் தேர்வு செய்ய ஒரு குழு போட்டார்கள். தேர்வுக்கு நிற்கிற ஒருவரே அந்தக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார். பட்டியல் வந்தபோது முதல் பெயர் அவருடையது! தேர்வாகாத கிரைபக் என்ற அதிகாரியும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். "இது வெறும் நிர்வாக முடிவு, நீதிமன்ற விசாரணை மாதிரி விதிகள் இதற்குப் பொருந்தாது" என்று அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. நிர்வாக முடிவாக இருந்தாலும் இயற்கை நீதி உண்டு என்று சொல்லிப் பட்டியலை ரத்து செய்தது.

இரண்டாவது நம் மாநிலத்து வழக்கு. ராயப்பா என்று ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1969இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆனார். 1971இல் அவரை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து மாநிலத் திட்டக் குழுவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் தனி அலுவலர் என்று இன்னொரு பதவி. தன்னை ஓரங்கட்டவே இந்தப் பதவிகள் உருவாக்கப்பட்டன என்று அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பர் 23இல் தீர்ப்பு. ராயப்பா தோற்றார். கெட்ட எண்ணத்தில் மாற்றினார்கள் என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் நீதிபதி பகவதி தனியாக எழுதிய தீர்ப்பில் ஒரு கருத்து இருந்தது. சமத்துவமும் மனம்போன போக்கில் முடிவெடுப்பதும் ஜென்ம விரோதிகள். ஒரு முடிவுக்குப் பின்னால் நியாயமான காரணம் இல்லையென்றால், அதுவே அரசமைப்பின் 14ஆம் பிரிவை மீறியதுதான். சந்திரசூட்டும் கிருஷ்ணய்யரும் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டார்கள். தோற்ற வழக்கு ஒன்று ஐம்பது வருஷமாக எத்தனையோ பேரை ஜெயிக்க வைத்துக்கொண்டிருக்கிறது! எனக்குச் சட்ட வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. 14ஆம் பிரிவு என்றால் "சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்று உங்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தேனே, அந்த வரிக்கு இப்படி ஒரு கூர்மை வந்தது தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் ஒருவரின் மனக்குறையால்.

மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த மேனகா காந்தி வழக்கு. 1977 ஜூலையில் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கினார்கள். ஏன் என்று எழுதிக் கேட்டார். பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 1978 ஜனவரி 25இல் வந்த தீர்ப்பு, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கிற நடைமுறை நியாயமானதாகவும் முறையானதாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது.

இவை எல்லாம் பெரிய மனிதர்கள் வழக்குகள்தானே, சாதாரண சனங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். 1997இலேயே தமிழ்நாடு தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டது. இந்தியாவிலேயே முதல் மாநிலம். விலக்குகள் நிறைய இருந்ததால் அது அவ்வளவாகப் பயன்படவில்லை. 2005இல் மத்திய அரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டித் தகவல் கேட்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் 4ஆம் பிரிவில், (1)(ஈ) என்ற இடத்தில் ஒரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. பொது அமைப்பு ஒவ்வொன்றும் தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தை அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் தெரிவிக்க வேண்டும் என்றில்லை, தானாகவே தெரிவிக்க வேண்டும். முடிவை மனிதர் எடுத்தாரா மெஷின் எடுத்ததா என்று அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கிற ஒரு ஆச்சி இருக்கிறார். ஒரு நலத்திட்டப் பணம் திடீரென்று நின்றுவிட்டது. எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, தேவையும் இல்லை. துணைக்கு நானும் போனேன். கவுன்டரில் இருந்த பையன் நல்ல பையன். தட்டித் தட்டிப் பார்த்தான். "சிஸ்டம் எடுக்கல, ஆச்சி" என்றான். ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டேன். "தெரியல டீச்சர், எங்களுக்குச் சிவப்பாத்தான் காட்டுது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது. ஆச்சி என்னைப் பார்த்து, "அந்த சிஸ்டம் எந்த ஊர்ல இருக்கு டீச்சர், நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது உலகத்துப் பாராளுமன்றங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

தெலங்கானாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சமக்ர வேதிகா என்று ஒரு மென்பொருள் அமைப்பு. பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஆளின் வாகனம், நிலம், மின் இணைப்பு எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, இவர் ரேஷன் அட்டைக்குத் தகுதியா இல்லையா என்று காட்டிவிடும். பெயரும் முகவரியும் வெவ்வேறு பதிவேட்டில் வெவ்வேறு எழுத்தில் இருந்தாலும் "இவரும் அவரும் ஒருவரே" என்று அனுமானிக்கும். கோளாறு அந்த அனுமானத்தில்தான். ரிக்‌ஷா இழுத்த ஒருவரை, கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறொருவரின் காருக்குச் சொந்தக்காரர் என்று காட்டியது. அவர் மனைவிக்கு மானிய அரிசி கிடையாது என்றாகிவிட்டது. நம் ஊரில் சங்கரன், சங்கரநாராயணன், கோமதி, கோமதியம்மாள் என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இன்ஷியலை விட்டுவிட்டால் நம் பாடு என்னவாகும், யோசித்துப் பாருங்கள்!

அந்த மாநிலத்தில் சில ஆண்டுகளில் ரத்தான அட்டைகள் 19 லட்சத்தை நெருங்கின. பலருக்கு நோட்டீஸ்கூடப் போகவில்லை. ஹைதராபாத் சமூக ஆர்வலர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2022 ஏப்ரலில் நீதிமன்றம், ரத்து செய்த அட்டைகளை வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள் என்று உத்தரவிட்டது. அதற்கு எந்த ஏ.ஐ. சட்டமும் தேவைப்படவில்லை. கிரைபக் வழக்கிலிருந்து வந்த பழைய விதியே போதுமானதாக இருந்தது. ஆனால் அதற்குள் அந்த வீடுகளில் எத்தனை மாசம் அரிசி இல்லாமல் போயிருக்கும்?

ஹரியானாவில் குடும்ப அடையாள அட்டைத் தரவுகளை வைத்து முதியோர் உதவித்தொகையை நிறுத்தினார்கள். உயிரோடு இருப்பவர்கள் இறந்தவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். 2022 செப்டம்பரில் ரோத்தக்கில் 102 வயதுப் பெரியவர் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மாலை போட்டுக்கொண்டு, மேளதாளத்தோடு ரதத்தில் ஏறி, நான் சாகவில்லை என்று ஊரறிய ஊர்வலம் போனார். சிரிப்பு வருகிறது, இல்லையா? அடுத்த ஆண்டு அந்த மாநிலச் சட்டமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் 63 ஆயிரம் பேருக்கு மேல் உதவித்தொகை நின்றிருக்கிறது. நேரில் போய் விசாரித்த பிறகு அதில் 44 ஆயிரம் பேருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பத்தில் ஏழு தப்பு. நம் வகுப்பில் இந்த மதிப்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியா. அங்கே 2016 முதல் 2019 வரை உதவித்தொகை வாங்கினவர்களிடம் "நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்" என்று இலட்சக்கணக்கில் கடிதம் போனது. ரோபோடெட் என்று பெயர் வைத்தார்கள் சனங்கள். கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்போதைய வருமானத்தைப் பொறுத்து வரும். ஒருவர் வருஷத்தில் 52,000 சம்பாதித்தார் என்று வையுங்கள். 26ஆல் வகுத்தால் இரண்டு வாரத்துக்கு 2,000. ஆனால் உண்மையில் அவர் பாதி வருஷம் 4,000 வீதம் சம்பாதித்து, மீதிப் பாதி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத நாளில்தான் உதவித்தொகை வாங்கினார். கம்ப்யூட்டரோ சராசரியை எடுத்துக்கொண்டு, "அந்த நாளிலும் உனக்கு 2,000 வந்ததே, ஏன் மறைத்தாய்?" என்று கேட்டது. விசைத்தறி ஓடுகிற மாசமும் ஓடாத மாசமும் எப்படி இருக்கும் என்று சங்கரன்கோவில்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடித்தபசு சமயத்தில் பூ விற்கிற வருமானத்தை வருஷம் முழுக்க வகுத்துப் போட்டால் பூக்கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா? அந்தத் திட்டமே சட்டவிரோதம் என்றானது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் மிகக் கடுமையான அறிக்கை கொடுத்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே செயற்கை நுண்ணறிவே இல்லை. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குத்தான். அதனால்தான் ஏ.ஐ. என்ற பெயருள்ள பொருளுக்கு மட்டும் சட்டம் போட்டால் போதாது என்று நினைக்கிறேன். இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மனிதர் பார்க்காமல் மெஷின் எடுத்த முடிவு எதுவானாலும் அதற்குள் வர வேண்டும்.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி என்று சுமார் 26 ஆயிரம் பெற்றோரைத் தவறாகக் குற்றவாளியாக்கி, பெரிய தொகையைத் திருப்பிக் கேட்டார்கள். யாரைச் சந்தேகிக்கலாம் என்று கணிக்க வைத்திருந்த முறையில், ஒருவர் டச்சுக் குடிமகனா இல்லையா என்பதும் ஒரு காரணியாக இருந்தது. 2021 ஜனவரி 15இல் பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. கம்ப்யூட்டர் மீது பழி போட்டு ஒதுங்காமல் மந்திரிசபையே பதவியை விட்டு இறங்கியதை அந்த நாட்டின் பெருமையாகச் சொல்லலாமா, அதற்கு அத்தனை வருஷம் ஆனதை வெட்கமாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்காரி என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு செய்கிற முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். நேரம் மிச்சமாகும் என்பது காரணம். ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஒரு பள்ளியும் அதே காலத்தில் அதே சோதனையை 22 மாணவர்களிடம் செய்து பார்த்தது. 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அந்த நகராட்சிக்கு 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. பெற்றோர் சம்மதித்தார்களே என்று பள்ளி சொன்னது. பள்ளியிடம் பிள்ளையை ஒப்படைத்திருக்கிற பெற்றோரின் சம்மதம் எப்படிச் சுதந்திரமான சம்மதமாகும் என்று அமைப்பு கேட்டது. வருகை எடுக்க வேறு எளிய வழி இருக்கும்போது முகம் எதற்கு என்றும் கேட்டது. என்னைக் கேட்டால், "உள்ளேன் டீச்சர்" என்று சொல்கிற குரலிலேயே யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி வருஷங்களில் எமிஸில் விவரம் ஏற்றியே பாதி நாள் போனது வேறு கதை, அதை இன்னொரு பதிவில் புலம்புகிறேன்.

அதே 2 லட்சம் குரோனாவுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். அந்தச் சமயத்தில் நம்மிடம் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இல்லை. இருந்தது ஒரு தீர்ப்பு. கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பதைத் தாண்டிய வயதில், 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். (ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருக்க மாட்டோம், பார்த்துக்கொள்ளுங்கள்!) 2017 ஆகஸ்ட் 24இல் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26இல் ஆதார் வழக்கில், அரசு நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம், தனியார் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2020 செப்டம்பரில், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது, பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். இந்திய மாநிலங்களில் இப்படி ஒன்று வந்தது இங்கேதான் முதலில். பொதுமக்களுக்காக ஒரு துறை இத்தகைய அமைப்பைக் கொண்டுவரும் முன், அது எல்லாத் தரப்பினரையும் ஒன்றாக நடத்துகிறதா, அந்தரங்கத்தைக் காக்கிறதா, தணிக்கைக்கு இடம் கொடுக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. மதிப்பெண் அட்டை என்றதும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் அது கொள்கை, சட்டம் அல்ல. மதிப்பெண் குறைந்தால் என்ன தண்டனை, பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடுவார் என்பதற்குச் சட்ட பலம் கிடையாது. ஃபெயில் போட முடியாத வாத்தியார் மாதிரி.

நடைமுறையில் நான் பார்த்த நல்ல உதாரணம் ஏ.ஐ. கொள்கையிலிருந்து வரவில்லை. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழே, நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், நான்கு சக்கர வாகனம் கூடாது என்று பல நிபந்தனைகள். இவற்றை அரசுத் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சம் 56 லட்சம் பேருக்கு மேல். அவர்களுக்குக் காரணத்தை எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அவர் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் வைத்தார்கள். நமக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் சங்கரன்கோவிலிலேயே இருக்கிறது. "சிஸ்டம் எந்த ஊரில் இருக்கிறது" என்று தேட வேண்டியதில்லை, பெயரும் நாற்காலியும் உள்ள ஒரு அதிகாரி இருக்கிறார். எல்லா மனுவும் ஒழுங்காகத் தீர்ந்ததா என்பது வேறு பேச்சு. முடிவு, காரணம், மனிதரிடம் முறையீடு என்ற வரிசை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஆகஸ்ட் 1இல் கொண்டுவந்த ஏ.ஐ. சட்டமும் அடிப்படையில் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அரசு உதவிக்குத் தகுதி பார்க்கிற அமைப்புகளை அது அதிக ஆபத்துள்ளவை என்ற வகையில் வைத்து, மனிதக் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. மனிதர்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு அவர்களைப் பாதகமாக நடத்துவதை 2025 பிப்ரவரி 2 முதல் அடியோடு தடை செய்துவிட்டது.

டெல்லியில் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதன் 8ஆம் பிரிவில், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் முரண் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ரிக்‌ஷாக்காரரைக் கார்க்காரர் ஆக்கினால் இதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவிக்கை செய்து சில அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவையும் இது மாற்றி இறுக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் எடுத்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2025 நவம்பர் 5இல் மத்திய அரசு ஏ.ஐ. நிர்வாக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தயாரித்த குழுவுக்குத் தலைவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். ஏழு கொள்கைகள் சொல்கிறார்கள். மனிதர்களுக்கு முதலிடம், நியாயம், பொறுப்புடைமை, புரிந்துகொள்ளும்படி வடிவமைத்தல் எல்லாம் அதில் உண்டு. கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கு முன்னுரிமை என்பதும் உண்டு. இப்போதைக்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர்கள் நிலை. கம்பெனிகளைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம். ரேஷன் கடையை அப்படி மாற்ற முடியாது. அதனால் அரசு தானே பயன்படுத்துகிற அமைப்புகளுக்காவது சட்டம் தேவை என்பது என் கருத்து. இதில் என்னோடு சண்டை போட விரும்புகிற பெங்களூர்க்காரர்கள் கமெண்டில் வரலாம்.

அதுவரை செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது "சிஸ்டம் எடுக்கல" என்று பதில் வந்தால், அதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். எந்தத் தேதியில் நின்றது, எந்த விவரத்தை வைத்து நிறுத்தினார்கள், அந்த விவரம் எந்தத் துறைப் பதிவேட்டிலிருந்து வந்தது, முடிவுக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயர் என்ன, மேல்முறையீடு யாரிடம் என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(ஈ) என்று ஒரு வரி சேருங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தென்காசி போகிறவர்கள் அந்தச் சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருவாய்த் துறையிலும் இ-சேவையிலும் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் திரையில் உண்மையில் என்ன தெரிகிறது, காரணம் தெரிகிறதா, வெறும் சிவப்புத்தானா, யாரைக் கேட்டால் திருத்த முடியும் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயர் வெளியே வராது. மனுவின் மாதிரி ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், கையெழுத்தில்தான். வேண்டியவர்கள் கமெண்டில் சொன்னால் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.